வாசலில் நின்று எண்ணியவள்

வருடத்துக்கு ஒரு நாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ஓர் எண் வரும். நாட்டின் மொத்த உற்பத்தியில் தொழில் துறையின் பங்கு இத்தனை சதவீதம், போன வருடத்தைவிட இவ்வளவு கூடுதல் அல்லது குறைவு. பெரிய கட்டடம் ஒன்றில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து அதைப் போடுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நினைப்பதில் பாதி சரி. மீதிப் பாதி, கையில் குடையும் தோளில் பையுமாக ஆலை ஆலையாக ஏறி இறங்குகிறவர்களின் வேலை. சின்னவள் அந்த ரகம்.

புள்ளிவிவர அலுவலகத்தின் சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஆறு வயது மூத்த அண்ணன் சிறு வயதில் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பது தாண்டியும் வீட்டிலும் தெருவிலும் அவள் சின்னவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "அதுக்கும் ஒரு படிவம் இருக்கும், யாரு பூர்த்தி பண்றது?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். சாப்பாடு கீழே, அண்ணி கையால்.

வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அவளுக்கு ஒதுக்கியது ஊரின் கிழக்கே போகும் ஆலைச் சாலை. மூன்று கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமுமாகப் பதிமூன்று ஆலைகள். பம்பு, கண்ணாடி பாட்டில், சோப்பு, அட்டைப்பெட்டி, ஆணி, நூல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள். ஒவ்வொன்றிலும் எத்தனை ஆட்கள், எவ்வளவு மின்சாரம், என்ன வாங்கினார்கள், என்ன செய்து விற்றார்கள் என்று இருபத்திரண்டு பக்கப் படிவத்தில் அவள் எழுதி வாங்க வேண்டும்.

முதல் வருடம் ஆணி ஆலை முதலாளி அவளை வரித் துறை என்று நினைத்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசினார். வியர்த்துக் கிளம்பிவிடுவாள் என்று பார்த்தார். அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் பக்கம் வரை போனாள். கடைசியில் அவருக்கே வியர்த்து, எழுந்து போய் விசிறியைப் போட்டார். சோப்பு ஆலைக் கணக்கர் எல்லா எண்களையும் ஆயிரத்தில் முடித்து வைத்திருந்தார்.

"எல்லாம் ரவுண்டா இருக்கே சார்."

"சோப்பும் ரவுண்டாத்தானே மேடம் இருக்கு."

"சோப்பு இருக்கட்டும் சார். மின்சார பில்லு இப்படி வராதே. எடுத்துட்டு வாங்க, நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருப்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. நாலைந்து வருடத்தில் காவலாளிகள் அவளைப் படிவத்தம்மா என்று கூப்பிடப் பழகினார்கள். பாட்டில் ஆலையின் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது.

அந்தக் காலத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் சேர்ந்தபோது இருபத்தொன்பது. பிறகு முப்பது, முப்பத்தொன்றரை. ஒன்பதாவது வருடத்தில் முப்பத்து மூன்று புள்ளி ஆறு. அண்ணன் பம்பு ஆலையின் மராமத்துப் பிரிவில் ஃபிட்டர். இருபது வயதில் உள்ளே போனவர். எந்த இயந்திரம் முனகினாலும் தூரத்திலிருந்தே எது என்று சொல்லிவிடுவார். செய்தித்தாளில் எண் வரும் நாளில் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சின்னவளே, இந்த வருஷம் நாங்க எவ்வளவு?" என்பதுதான். ஏதோ தானே ஓடி எடுத்த ரன் மாதிரி கேட்பார். முப்பத்து மூன்று புள்ளி ஆறு என்று அவள் சொன்ன அன்று அண்ணியிடம் இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

"மூணுல ஒரு பங்கு நாங்க. தெரிஞ்சுக்கோ" என்றார் அண்ணியைப் பார்த்து.

"இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறதுல உங்க பங்கு எவ்வளவுன்னு உங்க தங்கச்சியைக் கணக்கெடுக்கச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

பத்தாவது வருடத்தில் எண் இறங்கத் தொடங்கியது. முதலில் அரை, பிறகு முக்கால். அண்ணனுக்கு அது பிடிபடவில்லை. பம்பு ஆலையில் முன்பைவிட இரண்டு மடங்கு பம்புகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அப்படியிருக்க எப்படிக் குறையும்?

"நீங்க குறையலை அண்ணே. மத்தவங்க உங்களைவிட வேகமா வளர்றாங்க. வங்கி, போன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை... எல்லாத்தையும் சேர்த்துத்தானே நூறு. அதுல உங்க பங்கு குறையுது. அவ்வளவுதான்."

"அப்போ நான் வேகமா ஓடினாலும் தோத்தவன்தானா?"

"இது பந்தயமே இல்லைண்ணே."

"பேப்பர்ல பந்தயம் மாதிரித்தானே போடுறான்."

பேப்பரில் சிவப்பு அம்புக்குறி கீழ்நோக்கித்தான் இருந்தது.

அவளுடைய இருபத்திரண்டாவது வருடத்தில் அது நடந்தது. பம்பு ஆலையின் மராமத்துப் பிரிவு அறுபத்து நான்கு பேரையும் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். இனி அவர்கள் பம்பு ஆலையின் ஆட்கள் இல்லை, புதிதாக வந்த ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்கள். அதே கொட்டகை, அதே பெஞ்சு, அதே ஸ்பானர் செட், சம்பளமும் ஏறக்குறைய அதே. நீலச் சட்டைக்குப் பதில் சாம்பல் சட்டை. அடுத்த சில வாரங்களில் காவலுக்குப் பழுப்புச் சட்டை வந்தது, ஏற்றி இறக்குகிறவர்களுக்குப் பச்சை, சமையல்கட்டுக்கு வெள்ளை. எல்லாம் தனித்தனி நிறுவனங்கள்.

அண்ணன் முதல் நாள் சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். "துவைக்கிறதுக்கு நல்லது. அழுக்கு தெரியாது" என்று அண்ணி சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துச் சின்னவள் படிவத்தோடு பம்பு ஆலைக்குப் போனாள். ஆட்கள் எண்ணிக்கை என்ற இடத்தில் பணியாளர் அதிகாரி முன்னூற்று முப்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தார். போன வருடம் ஐந்நூற்றுப் பத்தொன்பது. ஜன்னல் வழியே பார்த்தால் அண்ணனின் கொட்டகை தெரிந்தது. அவர் ஒரு மோட்டாரைக் கவிழ்த்துப் போட்டுக் குனிந்திருந்தார்.

அவளுக்கு விதி தெரியும். ஒரு நிறுவனம் எந்தத் தொழில் செய்கிறதோ அதன் ஆட்கள் அந்தத் தொழிலில் சேர்வார்கள். பராமரிப்பு நிறுவனம் பம்பு செய்வதில்லை, பராமரிப்பை விற்கிறது. எனவே அதன் ஆட்கள் சேவைத் துறை. ஆலை அண்ணனுக்கு நேராகச் சம்பளம் கொடுத்தபோது அது ஆலை உண்டாக்கிய மதிப்பில் சேர்ந்தது. இப்போது அதே தொகை, வெளியே வாங்கிய இரும்பும் எண்ணெயும் போல, செலவாகக் கழிந்துபோகும். விதியில் ஓட்டை எதுவும் இல்லை. எல்லா நாட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவளும் அப்படியே எழுதினாள்.

அந்த வருடம் எண் இருபத்தாறு புள்ளி நாலுக்கு வந்தது. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து தொழிற்சாலைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அடித்துச் சொன்னார்கள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் செத்துட்டேனாம். கேட்டியா?"

அண்ணி சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன், நீ என்னை எதுல எழுதினே?"

பொய் சொல்லியிருக்கலாம். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சேவையில. பிற வணிகச் சேவைகள்."

"பிற."

"அது ஒரு தலைப்புண்ணே."

"முப்பத்திரண்டு வருஷமா கிரீஸ்ல கையை விட்டிருக்கேன். கடைசியில நான் பிற."

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடமும் எண் வந்த நாளில் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் பழையபடிதான் நடந்தது. அந்த ஒரு பேச்சு மட்டும் இல்லை.

ஆலைச் சாலையின் தொடக்கத்தில் தொழிலாளர் மருத்துவமனை இருந்தது. இரண்டு மாடி, பதினாறு படுக்கை, முன்னால் சிமென்ட் பெஞ்சுகள். அண்ணி ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் அங்கேதான் மாத்திரை வாங்கினாள். பராமரிப்பு நிறுவனத்துக்கு மாறிய பிறகும் அண்ணனின் மருத்துவ அட்டை செல்லுபடியானது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மாத்திரையோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், ஆறு மாதத்தில் மருத்துவமனையை மூடப்போகிறார்கள். இப்பகுதியில் தொழில் துறைத் தொழிலாளர் எண்ணிக்கை மூவாயிரத்துக்குக் கீழே போய்விட்டதாம். அட்டை வைத்திருப்பவர்கள் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்க்கொள்ளலாமாம்.

"அந்த எண்ணிக்கை எங்கேயிருந்து வருது?" என்று அண்ணி கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சின்னவள் பையிலிருந்து படிவக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அண்ணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ஓ" என்றாள். "சரி, விடு. பஸ்ஸுலதான் போய்க்கணும்."

திட்டியிருந்தால் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது. மாடிக்குப் போய், தன் பழைய குறிப்பேடுகளை எல்லாம் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தாள். ஆலைச் சாலையில் ஆட்கள் எத்தனை என்று பத்து வருடத்துக்கு வரிசையாக எழுதிப் பார்த்தாள். நான்காயிரத்துத் தொள்ளாயிரத்தில் தொடங்கி இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டில் முடிந்தது. அத்தனையும் அவள் கையெழுத்து. அத்தனையும் சரியான எண்கள்.

மறுநாள் தன் அலுவலக இயக்குநரைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான். மேஜையில் எப்போதும் மூன்று அடுக்குக் கோப்பு இருக்கும், அதற்கு மேல் அவர் தலை மட்டும் தெரியும்.

"விதியை மாத்தச் சொல்றீங்களாம்மா?"

"இல்லை சார். அந்த வாசல்களுக்குள்ள உண்மையில எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணிப் பார்க்கலாம்னு கேக்கிறேன்."

"படிவத்துல அதுக்கு இடமே இல்லையே."

"அதனாலதான் சார் கேக்கிறேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "அலுவலக வேலைன்னு நான் எழுத்துல கொடுக்க முடியாது. நீங்க லீவுல போய் ரோட்டுல நின்னா யாரு தடுக்கப்போறா? எண்ணிட்டு வந்து ஒரு குறிப்பா எழுதிக் கொடுங்க. மேலே அனுப்புறது என் பாடு."

அவள் பன்னிரண்டு நாள் விடுப்பு போட்டாள். இத்தனை வருடத்தில் அவள் எடுத்த மிக நீண்ட விடுப்பு அதுதான். அண்ணி எங்கேயாவது சுற்றுலாவா என்று கேட்டாள்.

சாலையில் அப்போது பதினோரு ஆலைகள் மிஞ்சியிருந்தன. நூல் ஆலையும் அட்டைப்பெட்டி ஆலையும் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. நாளுக்கு ஒரு வாசல் என்று கணக்கு. காலை ஐந்தரைக்கு முதல் ஷிப்டு உள்ளே போகும்போது நின்றாள், எட்டரைக்கு அலுவலக ஆட்கள் வரும்போது நின்றாள், மதியம் ஒன்றரைக்கு இரண்டாவது ஷிப்டுக்கு நின்றாள். எதிர்ப்பக்கத்து மரத்தடி, ஒரு மடக்கு நாற்காலி, குடை, தண்ணீர் பாட்டில், கோடு போட்ட நோட்டு. நாலு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள். சட்டை நிறத்துக்கு ஒரு பத்தி.

ஆனால் எல்லா ஆலையிலும் ஒரே நிறம் இல்லை. ஆணி ஆலையில் பச்சை என்றால் சொந்த ஆட்கள், சோப்பு ஆலையில் பச்சை என்றால் வெளி ஆட்கள். இரண்டாம் நாளே அவள் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அதிகாலையில் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜைமேல் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அண்ணனின் கோணல் எழுத்து. பதினோரு ஆலை, ஒவ்வொன்றிலும் எந்தச் சட்டை யாருடைய ஆள் என்று எழுதியிருந்தார். சாலை முழுக்க அவருக்குத் தெரிந்த ஃபிட்டர்கள். ஒவ்வொருவரையும் டீக்கடையில் பிடித்து விசாரித்திருக்கிறார். கீழே ஒரு குறிப்பு: "பாட்டில் ஆலையில் குட்டையாக ஒருத்தன் டீ குடிக்க நாலு தடவை வெளியே வருவான். அவனை ஒரு தடவை மட்டும் எண்ணு."

அவள் அந்தக் காகிதத்தை நோட்டின் அட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பாட்டில் ஆலைக்கு அண்ணன் சொன்னபடி மறுபடி ஒரு நாள் எண்ணினாள். குட்டை ஆள் அன்று ஐந்து தடவை வெளியே வந்தார்.

பம்பு ஆலை வாசலில் நின்ற அன்று பணியாளர் அதிகாரி சாலையைக் கடந்து வந்தார்.

"மேடம், இது என்ன புதுசா?"

"எண்ணுறேன் சார்."

"நாங்கதான் படிவத்துல எழுதிக் கொடுக்கிறோமே. நம்பிக்கை இல்லையா?"

"நீங்க எழுதினது சரிதான் சார். நான் எண்ணுறது வேற."

"வேறன்னா?"

"நீங்க உங்க ஆளுங்களை எழுதினீங்க. நான் உள்ளே போறவங்களை எண்ணுறேன்."

அவர் அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்தார். "இதை வச்சு எங்க மேல ஏதாவது வருமா?"

"ஆலை பேரே எழுதப்போறதில்லை சார். கூட்டுத்தொகை மட்டும்தான்."

"நாற்காலியை உள்ளே நிழல்ல போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், இங்கேயிருந்துதான் வாசல் முழுக்கத் தெரியும் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் கூட்டிப் பார்த்தாள். மூவாயிரத்து நூற்று எண்பத்தேழு பேர். படிவங்களில் ஏற்கெனவே இருக்கிறவர்களைக் கழித்தால் எண்ணூற்று அறுபத்தொன்பது பேர், தினமும் அதே வாசலில் நுழைந்து, அதே கூரைக்கடியில் வேலை பார்த்துவிட்டு, கணக்கில் மட்டும் வேறெங்கோ இருந்தார்கள்.

அவள் எழுதத் தொடங்கியபோதுதான் சங்கடம் வந்தது. இந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது, மருத்துவமனைக்கு வாதாடலாம். ஆனால் பத்து வருடத்தில் குறைந்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு பேர். அதில் சட்டை மாறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு நிஜமாகவே இல்லை. நூல் ஆலையோடு போனவர்கள், அட்டைப்பெட்டி ஆலையோடு போனவர்கள், பாட்டில் ஆலையில் முப்பது பெண்கள் விரிசல் பார்த்துப் பிரித்த இடத்தில் இப்போது ஒரு கேமரா. மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவள் மனதுக்குள், தொலைக்காட்சியில் பேசியவர்கள் முழுப் பொய் சொன்னார்கள் என்று நிரூபிக்கப்போகிறோம் என்ற நினைப்புதான் இருந்தது. எண் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டு நாள் அந்தப் பத்தியை எழுதாமல் தள்ளிப்போட்டாள். பிறகு எழுதினாள். ஒன்பது பக்கக் குறிப்பில் ஏழாம் பக்கம் அது.

கீழே வந்து அண்ணனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தார்.

"மூணுல ஒண்ணுதானா?"

"ஆமாண்ணே."

"நான் எல்லாமே சட்டை மாத்தின கதைன்னு நினைச்சேன்."

"நானும்தான்."

"இந்த ஏழாம் பக்கத்தை எழுதியே ஆகணுமா?"

"எழுதலைன்னா மத்த எட்டையும் யாரு நம்புவா?"

அவர் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். "நூல் ஆலைக்காரங்களும் ஞாபகத்துல இருக்கட்டும்" என்றார். "அவங்களுக்குச் சட்டைகூட மாறலை."

குறிப்பு மேலே போனது. நாலு மாதம் சத்தமில்லை. ஐந்தாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நீண்ட மேஜை, ஒன்பது பேர், ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். நடுவில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இந்த வகைப்படுத்தல் உலகம் முழுக்க உள்ளது, அதன்படி உங்கள் பழைய எண்களில் ஒரு பிழையும் இல்லை, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், பிறகு எதைத் திருத்தச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

சின்னவளுக்கு அலுவலக மொழி வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரிதான் வந்தது.

"விதி தப்புன்னு நான் சொல்லலைங்க. பம்பு ஆலை எவ்வளவு மதிப்பு உண்டாக்குச்சு, பராமரிப்புக் கம்பெனி எவ்வளவு உண்டாக்குச்சுன்னு பிரிச்சுப் பார்க்க அந்த எண் சரி. அந்த ரோட்டுல எத்தனை பேருக்கு அடிபடும், எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரி வேணும்னு பார்க்க அது சரியில்லைங்க. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை எடுத்து இன்னொரு கேள்விக்கு வச்சிட்டாங்க. பதில் சொன்னவ நான். அதனால வந்து சொல்றேன்."

ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். இன்னொருவர் பாட்டில் ஆலைக் கேமராவைப் பற்றி விவரமாகக் கேட்டார். அரை மணியில் முடிந்துவிட்டது. வெளியே வந்தாள். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறினாள்.

மருத்துவமனையை மூடவில்லை. முழுதாகத் திறந்தும் வைக்கவில்லை. படுக்கைகளை எடுத்துவிட்டு வாரத்தில் மூன்று நாள் மருத்துவர் வருவது என்று முடிவானது. அண்ணி முதல் மாதம் போய்விட்டு வந்து, மூன்று நாள் கூட்டமும் ஒரே நாளில் வந்தது போல இருக்கிறது, மூன்று மணி நேரம் நின்றேன் என்று காலைத் தேய்த்துக்கொண்டே குறைப்பட்டாள். பிறகு, "அவ்வளவு தூரம் பஸ்ஸுல போறதுக்கு இது பரவாயில்லை" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் கழித்து நாட்டுக் கணக்குகளில் விலைகளை ஒப்பிட வைத்திருக்கும் அடிப்படை ஆண்டை மாற்றினார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். அதோடு படிவமும் புதிதாக வந்தது. ஆட்கள் பகுதியில் பதினோராவதாக ஒரு வரி இருந்தது: பிற நிறுவனங்களின் ஆட்கள், இவ்வளாகத்தில் பணிபுரிபவர். அவளுடைய குறிப்பினால்தான் வந்ததா, வேறு பலரும் கேட்டு வந்ததா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தொழில் துறையின் பங்கும் திருத்தப்பட்டது. சில விலைகளைப் புதிதாகக் கணக்கிட்டதில், பழைய வருடங்களுக்கும் சேர்த்து ஒன்று புள்ளி இரண்டு கூடியிருந்தது. எந்த ஆலையிலும் யாரும் ஓர் உலையைக்கூடப் புதிதாகப் பற்றவைக்கவில்லை. பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டார்கள், அம்புக்குறி இல்லாமல்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"இந்த வருஷம் நாங்க எவ்வளவு?"

ஏழு வருடம் கழித்துக் கேட்கிறார். அவள் சொன்னாள்.

"அஞ்சாறு வருஷமா கொஞ்சம் பெரிய ஆளாத்தான் இருந்திருக்கோம். நமக்குத்தான் தெரியலை" என்றார்.

மறு வருடம் அவருக்கு அறுபது வயது. ஓய்வு நாளன்று ஒரு சிக்கல் வந்தது. வழியனுப்பு விழா யார் நடத்துவது? பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. அங்கிருந்து ஒரு சான்றிதழும் கைக்கடிகாரமும் தபாலில் வந்தன. பம்பு ஆலைக்கோ அவர் எட்டு வருடமாகத் தங்கள் ஆள் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தை வெளி நிறுவன விழாவுக்குக் கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் காகிதம் அங்குமிங்கும் போனது. கடைசியில் ஆலையின் பழைய ஆட்களே எதிரில் இருந்த டீக்கடையை மாலை நாலு மணிக்கு மொத்தமாகப் பேசிவிட்டார்கள்.

நீலமும் சாம்பலும் பச்சையுமாக எழுபது எண்பது பேர் சாலை ஓரம் வரை நின்றார்கள். லாரி ஒன்று ஒலியெழுப்பியபோது யாரும் நகரவில்லை, ஓட்டுநரே இறங்கி வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டார். பணியாளர் அதிகாரி ஐந்து நிமிடம் வந்து கை கொடுத்துவிட்டு, தான் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவளும் அண்ணியும் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேசச் சொன்னார்கள். அண்ணனுக்குப் பேச வராது. டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"நாற்பது வருஷம். எந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. அதனால பம்புக்குச் சொல்லிக்கிறேன். நல்லா ஓடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் சிரித்து முடித்த பிறகு மூக்கை உறிஞ்சினார்கள். அவருடைய பெஞ்சில் இனி உட்காரப்போகிறவன், தேய்ந்துபோன இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானர் ஒன்றைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தான். அது ஆலைச் சொத்தா, நிறுவனச் சொத்தா என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தடுக்கவில்லை.

மூவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். அண்ணன் சட்டைப் பையில் கடிகாரமும் இடுப்பில் ஸ்பானருமாக முன்னால் போனார். அண்ணி பின்னாலிருந்து, அந்தச் செருப்பை இன்றைக்காவது மாற்றியிருக்கலாம், அத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னவள் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மறுநாள் சோப்பு ஆலையில் புதிய கணக்கர் சேர்ந்திருக்கிறார், அவரிடம் முதல் படிவம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்தது.